வரைபடத்தில் நீலம், நிலத்தில் வெண்தரை

கேள்வி: அமெரிக்காவின் நெவாடா உயர்பாலைவனத்தைக் காட்டும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால நிலவரைபடம் ஒன்றில், பிரமிட் ஏரிக்குக் கிழக்கே வின்னெமுக்கா என்ற பெரிய ஏரி நீல நிறத்தில் உள்ளது. செயற்கைக்கோள் படத்திலோ அங்கே வெண்ணிறத் தரைதான் தெரிகிறது. அன்றைய அளவையாளர்கள் தவறிவிட்டார்களா?

பதில்: இல்லை, இருந்ததைத்தான் வரைந்தார்கள். டாஹோ ஏரியிலிருந்து இறங்கும் ட்ரக்கி ஆறு கடலை அடைவதில்லை. பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஏரி நிரம்பி வழிந்த காலங்களில் மிகுநீர் பக்கத்துப் பள்ளத்துக்குப் பாய்ந்து வின்னெமுக்காவை உயிரோடு வைத்திருந்தது. 1905-இல் ட்ரக்கியின் குறுக்கே டெர்பி அணை எழுந்து, ஆற்று நீரின் பெரும்பகுதி ஃபாலன் பகுதிப் பாசனத்துக்குத் திருப்பப்பட்ட பின் பிரமிட் ஏரியின் மட்டம் தாழ்ந்தது. 1930களின் இறுதிக்குள் வின்னெமுக்கா முற்றிலும் வறண்டது. பிரமிட் ஏரியின் மீன்களை நம்பி வாழ்ந்த பையூட் பழங்குடியினருக்கு நேர்ந்த இழப்பு மிகப் பெரியது. அந்த இழப்புக்கு இப்பழைய தாளைவிடத் தெளிவான சாட்சி அரிது என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும், மழை குறைந்த இத்தகைய நிலத்தில் ஏரிக்கரை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் என்பதால், வரைபடத்தின் கரைக்கோட்டை நிலையான எல்லையாகக் கொள்ளக் கூடாது. தாளின் ஓரத்தில் அளவை நடந்த ஆண்டைத் தேடுங்கள்; அச்சான ஆண்டு அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியதாக இருக்கலாம். விட்டுவிட்டு வரையப்பட்ட நீலக் கோடு, மழைக்குப் பின் மட்டும் ஓடும் ஓடையைக் குறிக்கும்.

கேள்வி: விமானமே இல்லாத காலத்தில் வரைந்த சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: மலைத்தொடர்களின் போக்கையும் பள்ளத்தாக்குகளின் அமைப்பையும் அறிய நம்பலாம், ஒரு குறிப்பிட்ட சரிவின் உயரத்தைக் கணக்கிட வேண்டாம். அளவையாளர்கள் சிகரங்களில் முக்கோண அளவையால் (தெரிந்த தூரத்திலிருந்து கோணங்களை அளந்து இடங்களைக் கணிக்கும் முறையால்) சில புள்ளிகளைத் துல்லியமாக நிறுவி, இடைப்பட்ட நிலத்தை அளவை மேசையில் விரித்த தாளில் கண்ணால் பார்த்தே நிரப்பினார்கள். அந்தத் தொடக்ககாலத் தாள்கள் பல 1:2,50,000 அளவில், அதாவது தாளில் ஒரு செ.மீ. நிலத்தில் இரண்டரை கி.மீ. என்ற விகிதத்தில் அமைந்தவை; அவற்றில் சிறு குன்றுகள் விடுபட்டிருப்பது இயல்பே. பின்னாளில் வந்த 1:24,000 தாள்கள் வான்வழி ஒளிப்படங்களின் துணையோடு உருவானவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 1884 முதல் 2006 வரை வெளியிட்ட தாள்களை மின்படிகளாக்கி இணையத்தில் இலவசமாக வழங்குவதால், ஒரே இடத்தின் பல காலத் தாள்களை அருகருகே வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.