'மொயிட்டி': பாதியா, பங்கா?

பழைய ஆங்கில உயிலில் 'மொயிட்டி' என்று வருகிறது, அகராதியில் 'பாதி', 'பங்கு' இரண்டும் இருக்கிறது, எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சட்ட ஆவணம் என்றால் தயங்காமல் 'சரிபாதி' என்றே போடுங்கள். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். மூலம், 'நடு' என்ற பொருளுள்ள லத்தீன் வேர்.

பழைய பிரிட்டிஷ் சட்டங்களில் அபராதத்தில் ஒரு மொயிட்டி அரசருக்கு, மற்றது வழக்குத் தொடுத்தவருக்கு என்று வரும். ஆளுக்குப் பாதி என்றுதான் அர்த்தம். அமெரிக்கச் சுங்க அதிகாரிகளுக்கும் இப்படிப் பங்கு போனது. 1874-இல் தனிச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

குழப்பம் இலக்கியத்திலிருந்து வருகிறது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் நாட்டை மூன்றாகப் பிரிக்கும்போது, ஹாட்ஸ்பர் தன் பங்கை மொயிட்டி என்கிறான். அங்கே 'பாதி' என்று எழுதினால் கணக்கே உதைக்கும்.

ஆகவே முதலில் எத்தனை பேருக்குப் பிரிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'ஒரு மொயிட்டி... மற்ற மொயிட்டி' என்று ஜோடியாக வந்தால் சந்தேகமே இல்லை. 'மூன்றில் ஒன்றின் மொயிட்டி' என்றால் ஆறில் ஒன்று. உயிலில் பொத்தாம்பொதுவாக 'பகுதி' என்று போடாதீர்கள். அளவு தொலைந்துபோகும், வாரிசுகளுக்குள் வம்பு.

வேதியியலில் கதை வேறு: மூலக்கூறின் ஒரு கூறு, அவ்வளவுதான். ஆஸ்பிரினில் உள்ள அசிட்டைல் மொயிட்டி அதில் பாதியல்ல. மானிடவியலிலோ, ஒரு சமூகம் இரண்டு வம்சப் பிரிவுகளாக இருந்தால் ஒவ்வொன்றும் மொயிட்டி. ஆள் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை.