கையில் ஆறாத பருக்கள்: தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரிடம் கேள்வி பதில்

கேள்வி (அட்டன்): ஐயா, கொழுந்து பறிக்கிறேன். விரலிடுக்கில் புண்ணான சிறு பருக்கள், இரண்டு மாதமாக. பார்மசியில் தந்த ஸ்டீராய்டு கிரீமைப் பூசினால் அடங்குகிறது, விட்டால் திரும்புகிறது. தேயிலைக்கு அடிக்கும் மருந்தாலா?

பதில்: மருந்தடித்த மலையைக் குற்றம் சொல்லுமுன், மகளே, ஒன்று சொல்லுங்கள். இரவில் போர்வைக்குள் போனதும் அரிப்பு கூடுகிறதா? வீட்டில் வேறு யார் சொறிகிறார்கள்?

கேள்வி: இரவில்தான் அதிகம். சின்னவனுக்கு மணிக்கட்டில், மாமிக்கு இடுப்பில்.

பதில்: அப்படியானால் பெரும்பாலும் சிரங்குதான்; டிஸ்பென்சரியில் காட்டி உறுதிசெய்யுங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூச்சியைக் கொல்லாது.

வழக்கமாகக் கொடுப்பது பெர்மெத்ரின் 5% கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியிலும் பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். 7 நாள் கழித்து மறுபடியும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான்: இரவு பூசிவிட்டு விடியற்காலையில் ரொட்டிக்கு மா பிசையக் கை கழுவுவார்கள். பூச்சி அதிகம் இருக்கும் இடமே கை! கழுவினால் உடனே கையில் திரும்பப் பூசுங்கள்.

லய அறையில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) உள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவரும்தான். முதன்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். துணியைச் சுடுநீரில் துவையுங்கள். கம்பளியை வெயிலில் போடலாமென்றால் நம் மலையில் வெயிலை யார் நம்புவது? பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். கிரீம் பூசி முடித்த பிறகும் சில வாரம் அரிக்கும். பயந்து தினமும் பூச வேண்டாம்.

கேள்வி (நுவரெலியா): ரோஜா முள் குத்திய விரலில் கட்டி வந்தது. இப்போது முழங்கையை நோக்கி வரிசையாக இன்னும் மூன்று.

பதில்: தம்பி, அந்த வரிசைதான் துப்பு. மண்ணிலும் முள்ளிலும் வாழும் ஒரு பூஞ்சை இப்படி ஏறும். சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைக்கு அது அசையாது. தோல் கிளினிக்கில் துணுக்கெடுத்துப் பார்ப்பார்கள். பூஞ்சைதான் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. முள் கதையை மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோ, கையில் சிவந்த கோடோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி (பண்டாரவளை): விரலில் மரு. பிளேடால் சீவலாமா?

பதில்: கூடாது. சீவினால் பரவும்.

கேள்வி (அட்டன்): ஐயா, மாமி கிரீம் வேண்டாம், வேப்பிலையும் மஞ்சளும் போதும் என்கிறார்.

பதில்: வேப்பிலைத் தண்ணீரில் தாராளமாகக் குளிக்கட்டும். உடம்பு காய்ந்ததும் முதுகில் கிரீமை நீங்களே பூசிவிடுங்கள்.