மெல்போர்ன் சந்தையும் யாரா பள்ளத்தாக்கும்: கேள்வி பதில்

ஊருக்கு வரும் உறவினர்களை மெல்போர்ன் நகரின் சந்தைக்கும், திராட்சைத் தோட்டங்களும் ஒயின் ஆலைகளும் நிறைந்த யாரா பள்ளத்தாக்குக்கும் பல ஆண்டுகளாக அழைத்துப் போகிறவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: குயின் விக்டோரியா சந்தை, யாரா பள்ளத்தாக்கு இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எந்தக் கிழமை நல்லது?

முடியும். வியாழன் அல்லது வெள்ளியைத் தேர்ந்தெடுங்கள். திங்களும் புதனும் சந்தைக்கு விடுமுறை. சனி, ஞாயிறில் திராட்சைத் தோட்டங்களில் திருமண விருந்துகளும் சுற்றுலாப் பேருந்துகளும் நிறைந்துவிடும். செவ்வாயன்று சிறிய ஒயின் ஆலைகள் பல திறப்பதில்லை. காலை ஏழு மணிக்குச் சந்தை, பத்து மணிக்குப் புறப்பாடு, பதினொன்றுக்குள் பள்ளத்தாக்கு. ஆலைகள் இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. ஐந்தாறு ஆலைகளுக்கு ஓடுகிறவர்களுக்கு மாலையில் எதன் ருசியும் நினைவில் இருக்காது.

கேள்வி: அண்ணா, நாங்கள் சைவம். சந்தையில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 1878-இல் தொடங்கிய சந்தை அது. மீன், இறைச்சிக் கூடத்தை விட்டுவிட்டு பாலாடைக்கட்டி, ரொட்டி, ஆலிவ் விற்கும் டெலி கூடத்துக்குள் நேராகப் போங்கள். 1920களின் இறுதியில் கட்டிய கூடம். பளிங்கு மேடைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட துருக்கிய போரெக்கைச் சூடாக வாங்கிக் கையில் பிடித்தபடியே சாப்பிடுங்கள். மதிய உணவுக்கான ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டியை வாங்கும்போது ‘விலங்கு ரென்னெட் சேர்த்ததா?’ என்று கேளுங்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி அது. பழைய முறைப்படி செய்யும் பல வகைகளில் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டி விளக்குவார்கள். பழங்களைத் திறந்த கொட்டகைகளில் பாருங்கள். கோடையில் பாலாடைக்கட்டியைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள், ஒரு குளிர்பை அவசியம்.

கேள்வி: அப்படியென்றால் ஒயின் சைவமா?

எல்லாம் இல்லை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். முட்டை, பால் என்றால் புட்டியின் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது ஆஸ்திரேலிய விதி. மீன் பசைக்கு விலக்கு உண்டு. ஆகவே ‘வீகன்’ (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று அச்சிட்ட புட்டியே உறுதியானது.

கேள்வி: கார் இல்லை. ரயிலில் போகலாமா?

லில்லிடேல் வரை ரயில், அங்கிருந்து பள்ளத்தாக்கில் இருக்கும் ஹீல்ஸ்வில் ஊருக்கு 685 பஸ். ஊர் வரைக்கும் சரிதான். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் போகப் பஸ்ஸை நம்ப முடியாது. நான்கு பேராக இருந்தால் ஓட்டுநரோடு வண்டி எடுத்துவிடுங்கள். ‘ஒரு கோப்பைதானே’ என்று ஓட்டுகிறவர் குடிப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. சட்டப்படி ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்குப் பூஜ்யம்.

கேள்வி: ஒயின் குடித்ததே இல்லை. சுவைக்கூடத்தில் எப்படி நடந்துகொள்வது?

புதியவர் என்று சொல்லிவிடுங்கள். ஊற்றுகிறவர் கூடுதல் அக்கறையோடு சொல்லித்தருவார். வெள்ளையிலிருந்து சிவப்புக்குப் போங்கள். துப்புவதற்கென்றே கிண்ணம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது மரியாதைக் குறைவு ஆகாது. இது குளிர்ந்த பகுதி. ஷார்டனே என்ற வெள்ளை ஒயினும் பினோ நுவா என்ற சிவப்பு ஒயினும்தான் இந்த மண்ணின் பெருமை. முதல் நாளே முன்பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. வேலியோரமாக நின்று எடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஃபிலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி வேரை உறிஞ்சிக் கொடியையே கொன்றுவிடும். விக்டோரியா மாநிலத்தில் 1877-இல் ஜீலாங் பக்கம் தென்பட்டது. யாராவில் 2006-இல் கண்டுபிடித்தார்கள். காலணியில் ஒட்டிய மண்ணே அதற்கு வாகனம். வந்துவிட்டால் மருந்து கிடையாது, தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டிப் புதிதாக நட வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தது. 1838-இல் இங்குள்ள யேரிங்கில் முதல் கொடி நட்டார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் இங்கத்திய ஒயினுக்கு உயர்ந்த பரிசு பெற்றார்கள். பிறகு விற்பனை சரிந்து, 1930களுக்குள் கொடிகள் போய்ப் பால்மாடுகள் வந்துவிட்டன. 1960களின் இறுதியில்தான் மறுபடி நடத் தொடங்கினார்கள். இன்று நாம் பார்க்கும் பசுமை, அப்படி மீட்டெடுத்தது.

கேள்வி: அக்கா குடும்பம் வருகிறது, இரண்டு சிறு பிள்ளைகள். யாரும் குடிப்பதில்லை. வீணாகுமா?

ஆகாது. ஹீல்ஸ்வில் விலங்கு சரணாலயத்துக்கு அழைத்துப் போங்கள். தமிழில் வாத்தலகி எனப்படும், முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ், மனிதர் பராமரிப்பில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது அங்கேதான், 1943-இல். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். அதனால் சந்தையைச் சுருக்கி, ஒன்பதரைக்கே கிளம்புங்கள்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?

மார்ச், ஏப்ரல். அறுவடையும் இலை நிறம் மாறுவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஜூலையில் வெறும் கொடிதான் இருக்கும். கம்பளிச் சட்டையும் தேவைப்படும்.