கால்நடை வறட்சிக் காப்பீட்டில் மாடு செத்ததை யார் போய்ப் பார்ப்பார்கள்?

யாரும் பார்ப்பதில்லை. வடக்கு கென்யாவின் மார்சபிட்டில் 2010-இல் தொடங்கிய இந்தக் காப்பீடு மாட்டை எண்ணுவதில்லை, புல்லைப் பார்க்கிறது. மேய்ச்சல் நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று செயற்கைக்கோள் காட்டும். பசுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அந்தப் பகுதியில் காப்பீடு எடுத்த எல்லோருக்கும் பணம்.

ஏன் இப்படி? மந்தைகள் தண்ணீர் தேடி வெகுதூரம் நடப்பவை. ஒவ்வொரு ஒட்டகத்தின் சாவையும் ஆள் அனுப்பிச் சரிபார்த்தால், அந்தச் செலவே பிரீமியத்தை விழுங்கிவிடும். கலெக்டர் மழை விடுமுறை விடுவது போலத்தான்: உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கேட்பதில்லை, மாவட்டத்துக்கே விடுமுறை. அப்புறம், பணம் சீக்கிரம் வந்தால் மாடு சாகும் முன்பே தீவனம் வாங்கலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

எந்தச் சாவுக்கும் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நோயிலோ திருட்டிலோ போன மாட்டுக்கு இதில் ஒன்றும் கிடையாது.