கச்சான் அடிக்கும்போது எந்தக் கடலில் இறங்குவது?

கேள்வி: மே கடைசியில் கோவையிலிருந்து காரில் ராமநாதபுரம் பக்கம் வருகிறோம். இரண்டு நாள்தான். ஆறு, ஒன்பது வயதில் பிள்ளைகள். மூட்டுவலியோடு அம்மாவும் வருகிறார். ராமேஸ்வரம் கோயில் பார்த்தாயிற்று. பிள்ளைகளைப் பயமில்லாமல் எந்தக் கடலில் இறக்கலாம்? சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்களுக்குப் போகலாம்?

பதில்: ஊரை முடிவு செய்யும் முன் காற்றைப் பாருங்கள். எங்களுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டால் ஆண்கடல் கரையை அறையும். அதே நாளில் பெண்கடல் கண்மாய்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பியதும் அப்படியே மாறிவிடும். நீங்கள் வருகிற நேரத்துக்கு வடக்குக் கரைதான் சரி.

உச்சிப்புளி பக்கம் அரியமானுக்குப் போங்கள். சவுக்கு நிழலில் அம்மா உட்காரலாம். கரையோரம் ஆழமில்லை. ஆனால் காற்றடைத்த டியூப், பந்து எதையும் எடுத்து வராதீர்கள். கச்சான் இங்கே தரையிலிருந்து கடலுக்குள் வீசும். அலையே இல்லையே என்று நாம் நிற்க, பந்து வழுக்கிக்கொண்டு போகும். பிடிக்கப் பிள்ளை பின்னாலேயே ஓடும். பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கடல்பக்கமாக நிற்க வேண்டும், கரைப்பக்கம் அல்ல. காலை ஒன்பது மணிக்குள் குளியலை முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெயில் தாங்காது.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போங்கள், தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம். இரு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். பொழுது சாயுமுன் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் மதியமே கிளம்புங்கள். போகிற வழியில் தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயச் சுவர்களுக்குப் பக்கத்தில், மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்திருப்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில்தான். தண்ணீரோ உப்புக் கரிக்காது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல் வராதீர்கள்.

மறுநாள் தெற்கே. திருப்புல்லாணி பெருமாள் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அங்கே பாயசப் பிரசாதம் பேர்போனது. பக்கத்தில் சேதுக்கரை, அது ஆண்கடல், கரையில் நின்று பாருங்கள், போதும். பிறகு கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். அங்கே தொதல் கேட்டு வாங்குங்கள்: தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டிய இனிப்பு.

மீன் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும்; கொஞ்சம்தான் வரும், விலையும் கூடுதல். சாப்பிட உட்காரும் முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் அமையாவிட்டாலும் சாலையோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வெயிலுக்கு அதுவே போதும்.