அலமாரிச் சாவியைக் கேளுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பாம்பனில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்திலிருந்து ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்திருக்கிறேன். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. மண்டபத்தில் ஆறு வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு இங்கிலாந்துக்குப் போன நீங்கள், செப்டம்பரில் ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியையாகச் சேரப் போகிறீர்கள். எட்டாம் வகுப்புக்கு ஏழு வாரப் பாடத்திட்டம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "பாடப்புத்தகத்தை மட்டும் யாரும் தரவில்லையே அக்கா, எங்கே வாங்குவது?" என்று கேட்கிறீர்கள்.

எங்கும் வாங்க முடியாது. அப்படி ஒரு புத்தகமே இல்லை.

நம்மூரில் ஜூன் மாதம் புத்தகக் கட்டு வந்து இறங்கும். உரைநடை, செய்யுள், துணைப்பாடம் என்று வரிசை போட்டே வரும். நடத்தி முடிப்பதுதான் நம் வேலை. இங்கிலாந்தில் பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தேசியப் பாடத்திட்டம் சொல்வது கொஞ்சம்தான்: 1914க்கு முந்தைய எழுத்து, சமகால எழுத்து, கவிதை, நாடகம், ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்கள். எந்த நூல், எந்த வாரம், எதை எழுத வைப்பது என்பதெல்லாம் பள்ளியின் ஆங்கிலத் துறை முடிவு செய்வது. சுதந்திரம் என்று துள்ள வேண்டாம். முதலில் துறையின் அலமாரிச் சாவியைக் கேளுங்கள். நீங்கள் ஆசைப்படும் நாவல் உங்கள் பாடம் ஆகாது. முப்பது பிரதி இருக்கும் நாவல்தான் ஆகும். போன வருடம் அந்தப் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டு, ஏற்கெனவே படித்த நாடகத்தையே ஆரம்பித்து அசடு வழிந்தேன்.

பிறகு பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ.யின் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஆங்கில மொழி ஒரு பாடம், இலக்கியம் தனிப் பாடம். இலக்கியத் தேர்வில் நூல் கையில் இருக்காது. ஷேக்ஸ்பியர் நாடகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலும் மனத்தில் இருந்தாக வேண்டும். நம் மனப்பாடப் பழக்கம் அந்த அளவுக்குக் கைகொடுக்கும். மொழித் தேர்வு அப்படியில்லை. பிள்ளைகள் முன்பின் பார்த்திராத பத்தி வரும். பாதி மதிப்பெண் வாசிப்புக்கு, பாதி எழுத்துக்கு. மொத்தத்தில் 20 சதவீதம் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணத்துக்கு.

இதில்தான் நான் முதல் வருடம் விழுந்தேன். நல்ல விடை ஒன்றை நானே தயாரித்துச் சொல்லிக் கொடுத்து எழுத வைத்தேன். துறைத் தலைவர் மூன்று நோட்டுகளை எடுத்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தார். எதுவும் பேசவில்லை. மூன்றிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே இடத்தில் காற்புள்ளி. ஊரில் இதற்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கும்.

ஆகவே ஏழாவது வாரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசியில் பிள்ளை என்ன எழுத வேண்டும்? புயலைப் பற்றி இருநூறு சொல் என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் நீங்கள் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அங்கேதான் பிள்ளைக்கும் நிற்கும். அந்த இடங்களைத்தான் முந்தைய வாரங்களில் கற்றுத்தர வேண்டும். நான் இதற்கு ஷேக்ஸ்பியரின் 'த டெம்பெஸ்ட்' நாடகத்தை வைத்தேன், அது நடுக்கடல் புயலில்தான் தொடங்குகிறது. குறுக்கே வந்து நிற்கும் பிரபுக்களை, உள்ளே போங்கள் என்று மாலுமிகளின் தலைவன் அதட்டுகிறான். பாம்பனில் எந்த விசைப்படகிலும் நடப்பதுதான். இங்கிலாந்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கோ பாய்மரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு பத்தி எழுதச் சொன்னேன். முக்கால்வாசி நோட்டில் கடல் கோபமாக இருந்தது. என் பாட்டி 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலிலிருந்து உயிர் தப்பியவர். கடல் கோபித்துக்கொண்டது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்கிற ஊர். ஆனாலும் அந்த இரவைக் கேட்டால், "முதலில் அடுப்புக்குள் தண்ணீர் வந்தது, சாம்பல் மிதந்தது" என்றுதான் ஆரம்பிப்பார். இதை வகுப்பில் சொன்னேன். கடல் பக்கமே போயிராத பையன் ஒருவன், தன் தெருவில் வெள்ளம் வந்த நாளை எழுதினான்: "எங்களுக்கு முன்பே குப்பைத் தொட்டிகள் தெருவை விட்டுப் புறப்பட்டன." அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவைத்து, அடுத்த இரண்டு வாரப் பாடத்தையும் மாற்றிவிட்டேன். திட்டத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாட்டி கதை, நம்மூர்க் காற்று எல்லாம் அங்கே எடுபடுமா என்று தயங்காதீர்கள். நாள்தோறும் சொன்னால் சலித்துவிடும், அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் வாரம் நானும் திரும்பிவிடுவேன். திட்டத்தை இப்போது அனுப்ப வேண்டாம். அந்த இருநூறு சொல்லை எழுதி அனுப்புங்கள், எங்கே நின்றீர்கள் என்று பார்ப்போம்.