பறவை எண்ணுகிறவர்கள் மனு எழுதலாமா?

அன்புள்ள சார்,

மேடவாக்கத்துக்கு அப்பால், இன்னும் ஊராட்சியாகவே இருக்கும் பகுதியில் குடியிருக்கிறேன். இங்கே ஒரு சின்னப் பறவைக் குழு இருக்கிறது. ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் நடந்து பறவைகளை எண்ணுவோம், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோம், பொங்கல் விடுமுறைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்வோம். இப்போது அந்த ஏரியை அழகுபடுத்தப் போகிறார்களாம். கரையைச் சுற்றி நடைபாதை, கருங்கல் பதித்த சரிவு, விளக்குகள், படகுத்துறை. ஏரி முழுவதையும் ஆழப்படுத்தவும் போகிறார்கள். மனு கொடுக்கலாம் என்று நாங்கள் சிலர் சொன்னோம். குழுவை நடத்தும் பெரியவர், "நாம பறவை பார்க்க வந்தவங்க, போராட்டம் பண்ண வந்தவங்க இல்ல" என்கிறார். வேறு சிலர், மனு கொடுப்பதானால் மாடு மேய்க்கிறவர்களையும் வலை போடுகிறவர்களையும் ஏரிக்குள் விடக்கூடாது என்று அதில் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கள் எண்ணிக்கையால் யாருக்கு என்ன பயன் என்று சோர்வாக இருக்கிறது.

இன்னும் இரண்டு சின்னக் கேள்விகள். மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்குப் பள்ளிகளில் கூண்டுப்பெட்டி கொடுக்கலாமா? போன அக்டோபரில் எங்கள் குடியிருப்பின் கண்ணாடியில் ஓர் ஆறுமணிக்குருவி மோதி விழுந்தது. தண்ணீர் புகட்டிப் பார்த்தோம், மறுநாள் செத்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும் பறவை. வலசையை இரவில் பறந்து கடக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் சென்னைக்கு வந்து சேரும்போது களைத்துத் துவண்டிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவதும், மொட்டைமாடியில் விழுவதும், விடிந்ததும் காக்கைகள் சூழ்ந்து கொத்துவதும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் குட்டை வால். முதல் தடவை பார்க்கிறவர்கள், யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்றே நினைப்பார்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்று போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். அதிர்ச்சி மட்டும்தான் என்றால் தெளிந்துவிடும். காக்கைகள் அடங்கிய அந்தி நேரத்தில், சருகு கிடக்கும் மரத்தடியில் பெட்டியைத் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உங்களிடம் வந்தது தண்ணீரால்தான் செத்தது என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். மோதியபோதே உள்ளே அடிபட்டிருக்கலாம்.

கூண்டுப்பெட்டி விஷயத்தில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைகிறது என்கிறது. செல்போன் கோபுரம் குருவியைக் கொன்றது என்ற கதைக்கு இதுவரை உறுதியான ஆதாரம் கிடையாது. குருவி இருக்கும் தெருவில், அரிசிக்கடையும் ஓட்டு வீடும் மண்தரையும் மிச்சமிருக்கும் வடசென்னைத் தெருக்கள் போன்ற இடங்களில், பெட்டி வைத்தால் குடிவரும். குருவியே இல்லாத புது அடுக்ககத்தில் வைத்தால் எறும்பு வரும். இன்னொன்று, குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். பள்ளிக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், மருந்து அடிக்காத ஒரு மூலைப் புதரை அப்படியே விட்டுவைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதற்குச் செலவு கிடையாது, படமெடுத்துப் போடவும் முடியாது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

இனி ஏரிக்கு வருவோம்.

பெரியவர் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பறவை பார்க்கிற எல்லாரும் கொடி பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓய்வு பெற்ற ஒருவர் காலையில் தொலைநோக்கியோடு வந்து, நாமக்கோழிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுவதில் எந்தத் தப்பும் இல்லை. அவருடைய பயமும் எனக்குப் புரிகிறது. பள்ளி அனுமதி, துறை அனுமதி, டி-ஷர்ட் அச்சடித்துத் தரும் கம்பெனி என்று இந்த மாதிரிக் குழுக்கள் பல பேருடைய தயவில்தான் ஓடுகின்றன. ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கும் மனுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொல்வதாக இருந்தால், வேடந்தாங்கலை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வேடந்தாங்கல்காரர்களிடம் தொலைநோக்கி கிடையாது, பறவைப் பட்டியலும் கிடையாது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் நேராகச் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதி, எழுதிக் கொடுத்தார். சரணாலயம் என்ற அங்கீகாரம் வந்தது 1936இல்தான். ஆக, இந்த வட்டாரத்தில் பறவைப் பாதுகாப்பு மனுவில்தான் தொடங்கியிருக்கிறது. அவர்கள் ஒன்றும் கருணையால் மட்டும் போகவில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனி உரம் வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2020இல் அந்தச் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையைச் சுருக்க ஒரு யோசனை வந்தபோதும், ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் எதிர்த்துப் பேசினார்கள். கடைசியில் அது கைவிடப்பட்டது.

பள்ளிக்கரணையும் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. கழிவெளி என்று அழைக்கப்பட்ட அந்தச் சதுப்பு, அரசாங்கப் பார்வையில் நெடுங்காலம் எதற்கும் உதவாத நிலம். உதவாத நிலம் என்றால் குப்பை கொட்டலாம், ரேடியல் ரோடு போடலாம், கட்டடம் கட்டலாம். அந்தப் பார்வை மாறி, 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பை எரிப்பின் புகையைச் சுவாசித்த குடியிருப்புச் சங்கங்களின் சண்டை, ஆய்வாளர்களின் அறிக்கை, பறவை பார்த்தவர்களின் பட்டியல்கள் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லும் அதிகாரியிடம், இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன பறவை இத்தனை இருந்தது என்று எழுத்தில் காட்ட முடிவது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் ஏரிக்கு அந்த எழுத்துதான் கிட்டத்தட்டப் பட்டா மாதிரி.

உங்கள் ஏரி விஷயத்தில் அது இன்னும் அவசியம். ஈரநிலங்களுக்கென்று 2017இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் வெளியே விட்டுவிட்டன. நம் ஏரிகள் எல்லாமே வெட்டிய ஏரிகள்தான். மாநிலத்தின் 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பைப் பற்றியது. அழகுபடுத்தல் ஆக்கிரமிப்பாகாதே! ஆக, சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

அழகுபடுத்தலில் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கிராம சபையில் கேட்பார்கள். அதற்குப் பதில் தண்ணீரின் ஆழத்தில் இருக்கிறது. கொசு உள்ளானுக்கு வேண்டியது விரல் ஆழத் தண்ணீரும் ஈரச் சேறும். நெடுங்கால் உள்ளான் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் அதற்கும் கால் தரையில் ஊன்ற வேண்டும். மஞ்சள் மூக்கு நாரை அலகைத் தண்ணீருக்குள் திறந்து வைத்தபடி, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கும். மீன் தொட்ட நொடியில் அலகு மூடும். இடுப்பளவுத் தண்ணீரில் அதற்கு வேலையில்லை. நத்தைகுத்தி நாரைக்கும் அதே கணக்குத்தான். நீளவால் இலைக்கோழிக்கு நடக்க மிதக்கும் இலை வேண்டும். நீலத் தாழைக்கோழிக்கும் செந்நாரைக்கும் சம்புக் கோரைப் புதர் வேண்டும். நம் பழைய ஏரிகள் இதற்குத் தோதானவை. ஒரு பக்கம் கரையும் மதகும், அங்கே ஆழம். எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பு, அங்கே நிலம் மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். மழை முடிந்து தண்ணீர் வற்ற வற்ற, அந்தச் சரிவில் நாளுக்கு நாள் புதுச் சேறு வெளியே வரும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உங்கள் பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் அந்தச் சேறுதான்.

இப்போது செய்வது என்ன? நான்கு பக்கமும் கரை எழுப்பி, அதன்மேல் நடைபாதை போட்டு, உள்பக்கம் செங்குத்தாகக் கல் பதித்து, நடுவில் ஒரே ஆழமாகத் தோண்டுகிறார்கள். அதற்குப் பிறகு அங்கே நீர்க்காகமும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் இருக்கும். பறவை இருக்கிறதே என்று அதிகாரி சொல்வார், சொன்னது பொய்யும் ஆகாது. நடந்துபோய்த் தின்னும் பறவைகள் மட்டும் காணாமல் போயிருக்கும். புதுக்கரை நீர்ப்பிடிப்புப் பக்கத்தை அடைத்துவிட்டால் வரத்துக்கால்வாய்த் தண்ணீருக்கும் போக வழியிருக்காது. 2015 டிசம்பரில் தென்சென்னைக்காரர்கள் பார்த்ததுதான், அது வீட்டுக்குள் வரும். மனுவில் இதை எழுத மறக்காதீர்கள். உள்ளானுக்காக இறங்காத மனம் தரைத்தளத்து வீட்டுக்காகக் கட்டாயம் இறங்கும்.

மாட்டுக்காரரையும் வலைக்காரரையும் வெளியேற்றக் கேட்கும் யோசனையை அடியோடு கைவிடுங்கள். பறவைகளுக்குப் பேர்போன ராஜஸ்தானின் பரத்பூர் தேசியப் பூங்காவில் 1982இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த ஊர்க்காரர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. எருமைகள் போனபின் புல் மண்டி, நீர்ப்பரப்பை மூடியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் அங்கே ஆய்வு செய்து, மேய்ச்சல் தடை பறவைகளுக்குக் கெடுதலாகவே முடிந்தது என்று சொன்னது. உங்கள் ஏரியில் சம்பு மண்டாமல் சேறு திறந்து கிடப்பதிலும் எருமைகளுக்குப் பங்கிருக்கும். அதோடு, 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நடந்ததை யோசித்துப் பாருங்கள். உடலெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் படம் ஊரெல்லாம் சுற்றியது. அந்த எண்ணெயைக் கையால் அள்ளிய மீனவர்களின் படம் அவ்வளவு சுற்றவில்லை. பறவைக் குழுக்கள்மேல் உழைக்கிற ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. உங்கள் மனு அதை வளர்க்க வேண்டாம்.

பட்டியலைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. அரிய பறவையின் படத்தை மட்டும் போடும் நண்பர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். ஏரிக்கு அவர்களால் ஒரு பலனும் இல்லை. பெரிய லென்ஸோடு கூட்டுக்குப் பக்கத்தில் போகிறவர்கள் தொல்லையும்கூட. காக்கை, மைனா, மடையான் உட்படப் பார்த்தது முழுக்க, நேரத்தோடும் நடந்த தூரத்தோடும், பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவானால்தான் நாளை ஒரு பறவை இல்லாமல் போனதும் தெரியும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. அன்றிலிருந்தே உங்கள் ஆட்கள் பதிந்திருந்தால் உங்கள் கையில் பெரிய சொத்து இருக்கிறது.

என்ன கேட்பது என்பதில் குறியாக இருங்கள். திட்டத்தை நிறுத்து என்று எழுதினால் வளர்ச்சிக்கு எதிரி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மதகுப் பக்கம் ஆழப்படுத்துங்கள், நீர்ப்பிடிப்புப் பக்கச் சரிவை அப்படியே விடுங்கள், அங்கே கல்லும் விளக்கும் வேண்டாம், நடைபாதை பாதிச் சுற்றோடு நிற்கட்டும், வேலையை ஏப்ரலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கழிவுநீர்க் குழாய்களை அடையுங்கள். இவ்வளவு போதும். நடக்க வரும் பெரியவர்களுக்குப் பாதை வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான், அதை மறுத்துப் பகை சம்பாதிக்காதீர்கள். முன்னதாக, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விரிவான திட்ட அறிக்கையையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். படகுத்துறை எங்கே வருகிறது என்று தெரியாமல் எதிர்ப்பது வீண்.

ஊராட்சி என்பது உங்களுக்கு அனுகூலம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் ஒன்று உண்டு. அதில் தீர்மானமாகப் போட்டு, நகலை நீர்வளத்துறைக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். குழுவின் பெயரில் வேண்டாம், ஊர்க்காரர்கள் பெயரில் கொடுங்கள். மாட்டுக்காரரிடமும் வலைக்காரரிடமும் முதல் கையெழுத்து வாங்குங்கள். பெரியவரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டாம். பறவைப் பட்டியலைச் சரிபார்த்துத் தரும்படி மட்டும் கேளுங்கள், அதை அவர் மறுக்க மாட்டார்.